படியேறி வா, நெமே

அன்பு மகன் நெமேசியோவுக்கு அம்மா பசிலியா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கடவுள் புண்ணியத்தில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். அங்கே நீயும் உன் மனைவியும் பெண்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மெழுகுவர்த்தி ஏற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் அடித்தால் உன் அப்பா வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிப் பேசுவது. எதிர்வீட்டு எதெல்வினாவுக்கு விசா கிடைத்துவிட்டது, மகளைப் பார்க்க சான் பிரான்சிஸ்கோ வருகிறாள், அவள் அலட்டுகிற அலட்டல் தாங்கவில்லை, தெருநாய்க்கு மட்டும்தான் இன்னும் சொல்லவில்லை. அவள் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன், கூடவே சிவப்பு மசாலா இரண்டு உருண்டை, வறுத்த பூசணி விதை ஒரு பை. மசாலாவை ஃப்ரிட்ஜில் வை, போன தடவை மாதிரி ஜன்னலில் வைத்துப் பூசணம் பிடிக்க விடாதே.

நீ கேட்ட கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். அப்பாவுக்கு இன்னும் என்னைத் தெரியுதாம்மா, தெரிஞ்சா சொல்லு, எல்லாத்தையும் போட்டுட்டுக் கிளம்பி வந்துடறேன், அவர் என்னை மறக்கிறதுக்குள்ள ஒரு தடவை பார்த்துடணும் என்று அழுதாயே, அந்த அழுகை என் காதை விட்டுப் போகவில்லை. உன்னிடம் விசாவோ காகிதமோ இல்லை, வந்தால் உன்னால் திரும்ப அந்தப் பக்கம் போக முடியாது, உன் பெண்கள் அங்கே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள், இதெல்லாம் எனக்கும் தெரியும். அதனால்தான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழகின இடத்துக்குக் கூட்டிப்போனால் சில பேருக்கு ஞாபகம் திரும்பும் என்று கிளினிக் டாக்டர் பெண் சொன்னதைக் கேட்டு நீயும் அங்கிருந்தே எங்கள் இரண்டு பேருக்கும் அந்த ஒரு நாள் டூருக்குப் பதிவு செய்தாய். நீ பிறப்பதற்கு முன்னால், இடிந்து கிடந்ததை எடுத்துக் கட்டினபோது உன் அப்பா கல் சுமந்து வேலை பார்த்த பழங்காலத்து மாயாக் கட்டடங்கள், அப்புறம் மத்தியானச் சாப்பாடு, அப்புறம் நாம் எல்லோரும் குளித்த நம்முடைய செனோத்தே, அந்தப் பாறைப் பள்ளத்துக் குளம். நம் ஊரைப் பார்க்க நாமே டிக்கெட் வாங்கிப் போவதா என்று எதெல்வினா சிரித்தாள். சிரிக்கட்டும், எனக்கு அப்போது நம்பிக்கை இருந்தது.

வயாதோலித் சதுக்கத்தில் தேவாலயத்து முன்னால் வேன் நின்றது. கைடு பையன் பெயர் வில்பெர்த், நல்ல பிள்ளை, நம் மாயா மொழியும் பேசுகிறான், என்னை அம்மா என்றும் அவரைத் தாத்தா என்றும் கூப்பிட்டான். வேனில் மற்றவர்கள் எல்லாம் கான்குன் ஹோட்டல்களிலிருந்து வந்த வெளியூர்க்காரர்கள், வெயிலில் வெந்து சிவந்த முகங்கள். உன் அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். வேன் புறப்பட்டதும் என் பக்கம் திரும்பி, உங்க வீட்டுக்காரர் வரலையாம்மா என்று மரியாதையாகக் கேட்டார். பின்னால வர்றார் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கட்டடங்களைப் பார்த்ததும் அவருக்கு முகமே மாறிவிட்டது நெமே. பெரிய கோபுரத்து அடியில் போய் நின்று ஒரு கல்லைத் தடவி, இது நான் தூக்கி வச்சது, முதுகுல கயிறு போட்டுத் தூக்கினேன், சாயங்காலம் ரத்தமாக் கழட்டினேன் சட்டையை என்றார். வில்பெர்த் எல்லோரையும் கூப்பிட்டு, இவர்தான் இந்தக் கோபுரத்தைக் கட்டினவர் என்று வேடிக்கையாகச் சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள், ஒரு அம்மாள் அவரோடு நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டாள். அந்த உற்சாகத்தில் அவர் இன்னும் இரண்டு கல்லைத் தன் கல் என்றார், கடைசியில் போன வருஷம் போட்ட சிமெண்ட் பெஞ்சையும் தான்தான் சுமந்து வந்ததாகச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். நான் சிரித்தேன், வேறென்ன செய்வேன். அப்புறம் வில்பெர்த், ஒரு காலத்தில் இங்கே இருந்த ஜனம் எல்லாம் இந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தான். உன் அப்பா பெஞ்சிலிருந்தே கையைத் தூக்கி, போகும்போது பிள்ளைங்களைக் கூப்பிட்டுக்கிட்டுப் போனாங்களா என்று கேட்டார். வில்பெர்த் சிரித்து, கூப்பிடாமப் போவாங்களா தாத்தா என்றான். அவருக்கு அது போதவில்லை, தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

நம் வழக்கத்தை நீ மறந்திருக்க மாட்டாய், உன் மனைவி வேறு ஊர்க்காரி, அவளுக்குச் சொல்லு. காட்டையோ தண்ணீரையோ விட்டுக் கிளம்பும்போது குழந்தையின் பெயரைச் சொல்லி, வா போகலாம், இங்கேயே தங்கிடாதே என்று கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் தூக்கிக்கொண்டு வந்தால் வீட்டுக்கு வருவது வெறும் உடம்புதான், பிள்ளையின் உயிர் அங்கேயே விளையாடிக்கொண்டு நின்றுவிடும், அப்புறம் காய்ச்சல், அழுகை, தூக்கமில்லை. நீ சின்னவனாக இருந்தபோது ஒருநாள்கூட நான் கூப்பிடாமல் வந்ததில்லை. தண்ணீரைக் கண்டால் நீ லேசில் வருகிற பிள்ளையா, விரல் எல்லாம் சுருங்கிப்போய் உதடு நீலமாகிற வரைக்கும் கிடப்பாய்.

அதே செனோத்தேதான். இப்போது மேலே டிக்கெட் கொடுக்கிற குடிசையும் ஷவரும் வந்துவிட்டன, பூசின க்ரீம் எல்லாம் கழுவிவிட்டுத்தான் இறங்க வேண்டும், எல்லோருக்கும் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட். மரப்படி இறங்கிக் கீழே போனதும் அதே பச்சைத் தண்ணீர், மேலேயிருந்து தொங்குகிற அதே வேர்கள். உன் அப்பா தொப்பியைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார், தொப்பியும் ஜாக்கெட்டுமாகத் தண்ணீரில் மல்லாந்து மிதந்தார். மிதந்துகொண்டே, பசிலியா, தண்ணி நல்லாருக்கு, இறங்கு என்றார். என் பெயரைச் சொன்னார் நெமே. ஈஸ்டருக்கு அப்புறம் அன்றைக்குத்தான் என் பெயர் அவர் வாயில் வந்தது. அந்த நிமிஷமே உனக்குப் போன் போட்டுக் கிளம்பி வாடா என்று சொல்லியிருப்பேன், போனைக் கையில்கூட எடுத்துவிட்டேன், அந்தப் பள்ளத்துக்குள் சிக்னல் இல்லை.

நானும் கொஞ்ச நேரம் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுவிட்டு, நேரமாச்சு என்று வில்பெர்த் சொன்னதும் அவரைப் படிக்கட்டில் உட்காரவைத்துவிட்டு மேலே துணி மாற்றப் போனேன். ஈரப் பாவாடையை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது விசில் சத்தம், ஒன்று இல்லை, விடாமல் ஊதுகிறார்கள். அள்ளிச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து எட்டிப் பார்த்தால் எல்லோரையும் தண்ணீரைவிட்டு வெளியே ஏற்றிவிட்டார்கள். காவலுக்கு நிற்கிற பையன்கள் இரண்டு பேர் மூழ்கி மூழ்கி எழுகிறார்கள், ஒரு வெளியூர்ப் பெண் தன் குழந்தையை இறுக்கிக்கொண்டு அழுகிறாள். உன் அப்பா கடைசிப் படியில் முழங்கால் தண்ணீரில் நின்று, நெமே, வாடா, போகலாம், இங்கேயே தங்கிடாதே என்று கத்திக்கொண்டிருக்கிறார். ஜாக்கெட் வாங்கி வைக்கிற ஆள் மெரிதாக்காரன், நம் மொழி தெரியாது, என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறான். இவர் அவனிடம் ஸ்பானிஷில், பையன் இன்னும் தண்ணிக்குள்ள இருக்கான், ஆறு வயசு, மேல வரலை என்று சொல்லியிருக்கிறார். அப்புறம் அவன் ஊதாமல் என்ன செய்வான்.

குழந்தை யாரும் இல்லை, யாரும் முழுகவில்லை என்று நான் மேலேயிருந்து கத்துகிறேன், யார் காதிலும் விழவில்லை. படியில் விழுந்து எழுந்து கீழே போய் வில்பெர்த் கையைப் பிடித்துக்கொண்டேன். பையனுக்கு நாற்பது வயசு தாண்டிடுச்சு தம்பி, சான் பிரான்சிஸ்கோவுல ஹோட்டல்ல பாத்திரம் கழுவறான், விசில் ஊதறவனை நிறுத்தச் சொல்லு என்றேன். விசில்காரனுக்குக் கோபம், உயிர் விஷயத்துல விளையாடுவீங்களா சென்யோரா என்று என்னைத்தான் திட்டினான். வில்பெர்த் அவனைத் தள்ளிக்கொண்டு போய் ஏதோ சொன்னான், தண்ணீரிலிருந்த பையன்கள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்கள். எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவமானத்தில் அப்படியே அந்தத் தண்ணீருக்குள்ளேயே போய்விடலாமா என்று இருந்தது.

உன் அப்பா மட்டும் அசையவில்லை. கைலாகு கொடுத்து ஏற்றப் பார்த்தான் வில்பெர்த், அவர் கையை உதறிவிட்டார். புள்ளையைத் தண்ணியில விட்டுட்டு வரச்சொல்றியா, உனக்குப் புள்ள இருக்கா என்று கேட்டார், அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. நான் கெஞ்சினேன், அதட்டினேன். நெமே வளர்ந்துட்டான், அமெரிக்காவுல இருக்கான், அவனுக்கே ரெண்டு பெண்ணு என்றேன். என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தார், கண்ணில் தண்ணீர் நிற்கிறது, நீ கூப்பிட்டாத்தானே வருவான், நீ ஏன் கூப்பிட மாட்டேங்கிற என்றார். அத்தனை ஜனத்துக்கு நடுவில் படியில் குனிந்து, அந்தக் காலத்தில் கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டேன். நெமே, படியேறி வா, அப்பா காத்துக்கிட்டிருக்காரு பாரு, இங்கேயே தங்கிடாதே என்றேன். கையை நீட்டி ஒன்றுமில்லாத இடத்தில் உன் கையைப் பிடித்தேன். அப்புறம் ஏற ஆரம்பித்தேன், ஓடாதே, வழுக்கும், தலையைத் துவட்டு, எத்தனை தடவை சொல்றது உனக்கு என்று வெறும் காற்றைத் திட்டிக்கொண்டே ஏறினேன். பின்னாலேயே உன் அப்பாவும் ஏறி வந்தார். அந்த விசில்காரன் எங்களுக்கு வழிவிட்டான், மூன்று பேருக்கு விடுகிற அளவு ஒதுங்கினான்.

வேனில் அவர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இடம் விட்டு உட்கார்ந்தார், தன் துண்டை அந்த இடத்தில் விரித்து வைத்தார். இறங்கும்போது வில்பெர்த், உங்க பிள்ளைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கம்மா என்றான், சொல்லிவிட்டேன்.

அதிலிருந்து அப்பா அமைதியாக இருக்கிறார், ராத்திரியில் எழுந்து வாசலுக்குப் போவது நின்றுவிட்டது. டாக்டர் பெண்ணுக்கே ஆச்சரியம். நீ படுத்துத் தூங்கின பழைய வலை ஹம்மாக்கைக் கேட்டு வாங்கிக் கட்டச் சொன்னார், கட்டினேன். பையன் எங்கே என்று கேட்பார், எதிர்வீட்டில் விளையாடுகிறான் என்பேன், இருட்டுறதுக்குள்ள கூப்பிட்டுடு என்பார், நானும் வாசலில் நின்று கூப்பிடுகிறேன். எதெல்வினா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள், நல்லவள்தான். ஞாயிற்றுக்கிழமை நீ பேசின பிறகு போனை என்னிடம் கொடுத்து, யாரோ பாவம் ஒரு ஆளு, வேலை தேடுறான் போல, அழுறான் என்றார். நீ கேட்டதற்கு இதுதான் பதில். அவருக்கு உன்னைத் தெரிகிறது, வேறு யாரையும்விட உன்னைத்தான் தெரிகிறது. ஆனால் நீ எல்லையைத் தாண்டி, பெண்களை விட்டுவிட்டு, எல்லாம் இழந்து வந்து வாசலில் நின்றால், உள்ளே வாங்க, யாரைப் பார்க்கணும் என்று உன்னைத்தான் கேட்பார், அவர் பிள்ளை வீட்டில்தான் இருக்கிறான். வா என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, வராதே என்று சொல்லவும் வரவில்லை. அவருக்கு நீ கிடைத்துவிட்டாய் மகனே, எனக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை.

பெண்களுக்கு என் முத்தம், உன் மனைவிக்கு ஆசீர்வாதம், மாதாவும் தேவகுமாரனும் உங்கள் நான்கு பேர் தலைமேலும் கை வைத்துக் காக்கட்டும். கையுறை போடாமல் பாத்திரம் கழுவாதே, போட்டோவில் உன் விரல்களைப் பார்த்தேன், தண்ணீரிலேயே கிடந்த விரல் மாதிரி சுருங்கிப் போயிருக்கின்றன. ஒன்றை மட்டும் மறக்காதே. வேலை முடிந்து அந்தச் சமையலறையை விட்டுக் கிளம்பும்போது, யார் சிரித்தாலும் பரவாயில்லை, நம் மொழியில் உன் பெயரை நீயே சொல்லி, வா, போகலாம், இங்கேயே தங்கிடாதே என்று கூப்பிட்டுக்கொண்டு கிளம்பு. அங்கே உன்னைக் கூப்பிட நான் இல்லை.

என்றும் உன்னைப் பெற்றவள்,
பசிலியா சுக்