மாப்பிள்ளை கொளுத்திய டிராக்டர்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் டிராக்டரில் ஹாரன் இல்லை, ஹெட்லைட்டும் இல்லை. ஃப்யூஸ் போயிருந்தது. ஒரு மாதத்தில் இது மூன்றாவது தடவை. கடைக்குப் போய் வாங்கி வரப் பொறுமை இல்லை. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி, ஃப்யூஸ் இருக்கும் இடத்தில் வைத்து அழுத்தினேன். ஹாரன் ஊரைக் கூட்டியது. முப்பத்திரண்டு வருஷமாக இதே வண்டியை ஓட்டுகிறேன். எனக்குத் தெரியாத வைத்தியமா?

சிகரெட் விஷயம் இந்த நோட்டோடு இருக்கட்டும். நெஞ்சுவலி வந்த பிறகு விட்டுவிட்டேன் என்றுதான் வீட்டில் நம்பிக்கை. "கத்தாதீங்க, கோபம் வந்தா எழுதி வைங்க" என்று டாக்டர் சொன்னதும் என் மனைவி வாங்கிக் கொடுத்த நோட்டு இது. அவள் படிக்கமாட்டாள். என் கையெழுத்து எனக்கே பாதிதான் புரிகிறது.

மார்ச் 11, புதன்

மாப்பிள்ளை வந்தார். "மாமா, நாளைக்கு ஒரு நாள் வண்டி கிடைக்குமா? வைக்கோல் ஏத்தணும்."

எனக்குக் கொடுக்க மனசே இல்லை. கிளட்சை மிதிக்கிற விதம் ஒன்று இருக்கிறது, அது அவருக்கு வராது. ஆனால் பெண்ணைக் கட்டியவர் கேட்டு இல்லை என்று சொல்லிவிட முடியுமா? சாவியைக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே கொடுத்தேன், அதுதான் கொடுமை.

மார்ச் 12, வியாழன்

எரிந்துவிட்டது.

மார்ச் 13, வெள்ளி

நேற்று கை ஓடவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது பக்கத்து நிலத்துக்காரர் ஓடி வந்தார். சோற்றில் வைத்த கையோடு ஓடினேன். வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போதே கரும்புகை தெரிந்தது. டயர் எரிகிற நாற்றம். போய்ச் சேர்ந்தபோது முன் டயர் இரண்டும் உருகி ஓடிக்கொண்டிருந்தன. சீட்டில் கம்பிச் சுருள் மட்டும் மிச்சம். ஆட்கள் மண்ணை அள்ளி வீசிக்கொண்டிருந்தார்கள். நானும் வீசினேன். எதற்கு வீசினேன்?

வைக்கோல் ஏற்றிய டிரெய்லர் மட்டும் இருபதடி தள்ளிப் பத்திரமாக நின்றது. தீப் பிடித்ததும் டிரெய்லரை மாட்டியிருந்த பின்னைக் கழற்றி, ஆட்களைக் கூப்பிட்டு, டிரெய்லரைத் தள்ளியிருக்கிறார். என் வண்டியை விட்டுவிட்டு வைக்கோலைக் காப்பாற்றியிருக்கிறார்! வைக்கோலை!

"என்ன ஆச்சுன்னே புரியல மாமா. ஸ்டியரிங் பக்கத்துல புகை வந்துச்சு. இறங்கிப் பாக்கறதுக்குள்ள குப்புனு..."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்ல மாப்பிள்ளை. உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும்."

பரவாயில்லையாம்! என் வாயிலிருந்துதான் வந்தது. எனக்கு நெஞ்செல்லாம் பற்றி எரிகிறது. அந்த ஆளைப் பிடித்து உலுக்கி, யோவ், ஒரு நாள்தானேய்யா கேட்ட, ஒரே ஒரு நாள் ஒழுங்கா ஓட்டத் தெரியாதாய்யா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்க முடியுமா? மாப்பிள்ளை ஆயிற்றே. அதனால்தான் இந்த நோட்டு.

மார்ச் 14, சனி

காலையிலிருந்து ஆட்கள் வந்து துக்கம் விசாரிக்கிறார்கள். "எத்தனை வருஷம் இருந்துச்சு?" "கடைசி வரைக்கும் நல்லா ஓடிச்சில்ல?" வந்தவர்களுக்கெல்லாம் மனைவி டீ போட்டாள். அந்த வண்டி அவளுக்கு ஒரு வருஷம் முன்னால் இந்த வீட்டுக்கு வந்தது. அதை அவள் "மூத்தவ" என்றுதான் சொல்வாள்.

"மூத்தவ போய்ட்டா, இனிமேலாவது என்னைக் கவனிங்க" என்றாள். சிரிக்க வைக்கப் பார்க்கிறாள். நான் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அவளே பின்வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 17, செவ்வாய்

மகள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அவருக்குக் கையெல்லாம் கொப்புளம். அஞ்சு நாளா சரியா சாப்பிடல. ஒரு வார்த்தை எப்படி இருக்குன்னு கேட்டீங்களாப்பா?"

"நான் ஏதாவது திட்டினேனா?"

"திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். வாசல்ல பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறீங்க."

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். திட்டினாலும் குற்றம், திட்டாவிட்டாலும் குற்றம். எரிந்தது என் வண்டி, பரிதாபம் மட்டும் அவருக்கு!

மார்ச் 22, ஞாயிறு

டீக்கடையில் இன்று வாயை விட்டுவிட்டேன். "சூடான சைலென்சர் மேல வைக்கோல் விழுந்தா எரியாம என்ன செய்யும்? அதைத் தட்டி விடணும்னு தெரியாதவன் எல்லாம் வண்டி ஓட்ட வந்துட்டான்."

யாரையும் பெயர் சொல்லவில்லை. சொல்லவே தேவையில்லை. கடையில் எட்டுப் பேர் இருந்தார்கள்.

சொன்னதும் மனசு லேசானது. பொய் எழுத விரும்பவில்லை, நன்றாகவே இருந்தது.

மார்ச் 26, வியாழன்

மாப்பிள்ளைக்கு ஊரில் "கொளுத்தி" என்று பட்டம் வைத்துவிட்டார்களாம். உழவுக்கு வண்டி கேட்டுப் போன இடத்தில், "உனக்குக் கொடுத்தா பஸ்பமாத்தான் திரும்பி வரும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மனைவிதான் சொன்னாள். சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள்.

நானா பட்டம் வைத்தேன்?

மார்ச் 29, ஞாயிறு

விதைப்பு நெருங்குகிறது. மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பழைய வண்டி பார்த்து முடித்தேன். நீல நிறம். எட்டு வருஷம் ஓடியது. ஸ்டியரிங்கை ஒரு விரலால் திருப்பலாம். எனக்குப் பிடிக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் தோளைக் கொடுத்துத் திருப்பியவனுக்கு இது விளையாட்டுச் சாமான். ஹாரன் ஆட்டுக்குட்டி கத்துவது மாதிரி இருக்கிறது.

வீட்டு வாசலில் நிறுத்தியதும் மனைவி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "சின்னவ லட்சணமாத்தான் இருக்கா" என்றாள். மகள் வரவில்லை, போனும் இல்லை. இதற்கும் மாப்பிள்ளைதான் காரணம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஏப்ரல் 6, திங்கள்

எரிந்த வண்டியை எடுத்துப்போகப் பழைய இரும்புக்காரர் வந்தார். அதற்கு முன்னால், தேறுகிற உதிரிபாகம் ஏதாவது இருக்குமா என்று மெக்கானிக் குடைந்துகொண்டிருந்தார். ஒரு செம்புக் கம்பியை உருவி என்னிடம் காட்டினார். நுனியெல்லாம் உருகி மணி மணியாக நின்றது.

"இது வைக்கோலால பிடிச்ச தீ இல்லண்ணே. சைலென்சர் பக்கம் அவ்வளவா எரியல, பாருங்க. வயர் தேஞ்சு பாடியில பட்டிருக்கு. உள்ளேயிருந்து கிளம்பின தீ. அதான் புரியல, ஃப்யூஸ் முதல்ல போயிருக்கணுமே. கரண்ட் நின்னு போயிருக்கும். வயர் சூடாகிற பேச்சே வராது. ஒழுங்கான ஃப்யூஸ்தானே போட்டிருந்தீங்க?"

"ஆமா" என்றேன்.

"அப்ப எப்படின்னு தெரியலையே" என்று தலையைச் சொறிந்தார்.

இரும்புக்காரர் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நான் அந்தக் கம்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

மூன்றாம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். எனக்குத் தெரியாத வைத்தியமா, என்று கேட்டிருக்கிறேன். மடையன். அடி மடையன்.

இருபத்தாறு நாள் ஒரு மனுஷன் மேல் கோபமாக இருந்தேன். இப்போது அந்தக் கோபத்தை எங்கே கொண்டு போய் வைப்பது? இறங்கமாட்டேன் என்கிறது. என் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. பேசாமல் விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? எனக்குத் தெரியுமே.

ஏப்ரல் 9, வியாழன்

புது வண்டியில் மகள் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். வலது கையில் தோல் உரிந்து புதுத் தோல் வந்திருக்கிறது, ரோஸ் நிறத்தில். அதை அப்போதுதான் பார்த்தேன். கம்பியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"மாப்பிள்ளை, தப்பு என்னோடது. ஃப்யூஸ் இருக்கற இடத்துல நான்..."

"தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"அன்னைக்குக் காலையில ஹாரன் விட்டு விட்டு அடிச்சுது. மூடியைத் திறந்து பார்த்தேன். வெள்ளித்தாள் இருந்துச்சு. மறுபடி மூடிட்டேன்."

"மூடிட்டீங்களா! ஏன் சொல்லல?"

"நீங்க எத்தனை வருஷமா ஓட்டுறீங்க. உங்களுக்குப் போய் நான் எப்படிச் சொல்றது? அப்புறம்..." தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னா, எந்தப் பெட்டியில இருந்து வந்த தாள்னு அத்தை கேப்பாங்க."

எனக்குள் என்னவோ அறுந்தது. கத்தினேன். "அறிவிருக்காய்யா உனக்கு? வண்டியோட கருகிப் போயிருந்தா என் பொண்ணு கதி என்னய்யா? மரியாதையாம் மரியாதை! ஊரெல்லாம் கொளுத்தின்னு சொல்றானுங்க, அதையும் கேட்டுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தியா?"

அவரும் எழுந்துவிட்டார். "நீங்கதானே மாமா டீக்கடையில சொன்னீங்க! நாலு பேர் வண்டி தரமாட்டேன்னுட்டாங்க. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க? சிகரெட்டு பிடிச்சு அதோட தாளை ஃப்யூஸ்ல வைக்கறவருக்கு அறிவு இருக்கா?"

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. மகள் கையில் கரண்டியோடு ஓடி வந்து நிலைப்படியில் நின்றாள். எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் முடிச்சுட்டீங்களா? டீ ஆறுது" என்றாள்.

அவர் மாப்பிள்ளையாகி வந்த ஐந்து வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் உருப்படியாகப் பேசியது இன்றுதான்.

ஏப்ரல் 10, வெள்ளி

டீக்கடைக்குப் போனேன். அதே ஆட்கள் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். "வண்டியைக் கொளுத்தினது என் மாப்பிள்ளை இல்ல. நான். ஃப்யூஸுக்குப் பதிலா சிகரெட்டுத் தாளை வச்சவன் நான். இனிமே கொளுத்தின்னு கூப்பிடணும்னா என்னைக் கூப்பிடுங்க."

ஒருத்தன் சிரித்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டம்ளர் உடைந்திருக்கும். கீழே வைத்துவிட்டு வந்தேன்.

செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. மனைவி என் எல்லாச் சட்டைப் பைகளையும் கவிழ்த்துப் போட்டிருந்தாள். "மூத்தவளைக் கொன்னாச்சு. அடுத்து என் தாலியா?" என்றாள். அப்புறம் பேசவில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

இன்னும் பேசவில்லை. தட்டை வைக்கிற சத்தத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

ஏப்ரல் 19, ஞாயிறு

நேற்று மாப்பிள்ளை உழவுக்கு வண்டி எடுத்துப்போனார். இன்று காலையில் கொண்டு வந்து விட்டவர், சாவியைக் கொடுப்பதற்கு முன்னால், என் மனைவி காதில் விழும்படி ஆரம்பித்தார்.

"என்ன மாமா வண்டி வச்சிருக்கீங்க? இடது பிரேக் பிடிக்கவே இல்ல. வாங்கும்போது மிதிச்சுப் பார்க்கமாட்டீங்களா? நல்ல வேளை, மேட்டுல நின்னுச்சு."

என் வீட்டு வாசலில் நின்று என்னையே! மனைவி உள்ளே சிரிக்கிற சத்தம் கேட்டது. ஒன்பது நாளில் முதல் சத்தம்.

அவர் போன பிறகு சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். ஒன்றே ஒன்று என்று ஒளித்து வைத்திருந்த சிகரெட்டைக் காணோம். அந்த இடத்தில் ஒரு டஜன் ஃப்யூஸ், காகிதத்தில் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறது.

யாரைக் கேட்டுக்கொண்டு எடுத்தான் இந்த ஆள்? இதை வீட்டில் சொல்லவும் முடியாது. கோபம் தலைக்கு ஏறுகிறது. ஒரு பக்கம் நிரப்பித் திட்டி எழுதலாம் என்றுதான் நோட்டை எடுத்தேன்.

வேண்டாம். நாளைக்கு பிரேக் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். நேரிலேயே திட்டிக்கொள்கிறேன்.