நான் சொல்லாமல் விட்ட பெயர்

லா சப்பல், பாரிஸ்
27.11.2022

அன்பு மகள் தர்மிளாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் தங்கச்சி சுபாங்கியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மொன்றியல் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று வெள்ளிக்கிழமை கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தோம். ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் கதைக்கிற மனிசன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். இதைச் சொல்லும்போது உன் முகத்தைத் திரையில் பார்க்க எனக்குத் துணிவில்லை பிள்ளை, அதுதான்.

சுபாங்கி போவதும் நீ படித்த அதே பள்ளிக்கூடம்தான், வாசல் கதவுக்கு மட்டும் புதுசாக நீலம் அடித்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஒருவரையொருவர் வதைப்பதைத் தடுக்கவென்று இந்த மாதம் ஒரு கிழமை முழுக்க நிகழ்ச்சி வைத்தார்கள். தாழ்வாரம் முழுக்கப் படம் கீறி ஒட்டினார்கள், முற்றத்தில் உட்கார மஞ்சள் நிற வாங்கு ஒன்று போட்டார்கள், தனித்துப்போன பிள்ளை அதில் போய் இருந்தால் மற்றப் பிள்ளைகள் விளையாடக் கூப்பிட வேண்டுமாம். நாடகத்தில் அழுகிற பிள்ளைக்காகப் பரிந்து பேசுகிறவளாகச் சுபாங்கி நடித்தாள். நான் கை தட்டித் தட்டி வீடியோ எடுத்து உனக்கும் அனுப்பினேன், நீயும் முத்தம் போட்டு அனுப்பினாய். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பிரெஞ்சு தெரியாத எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்க்கப் பள்ளிக்கூட அதிபர் மடம் என்னைத்தான் கூப்பிடுவா. இரவில்தான் ரெஸ்ரோறண்ட் குசினியில் சமையல் வேலை என்பதால் பகலில் நான் சும்மாதானே, அதோடு எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் எழுப்பமும்தான், அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நாடகம் முடிந்த மறுநாளும் கூப்பிட்டா. சாரதாதேவி என்று ஒரு தாய், போன வருசம்தான் புருசனோடும் மகளோடும் வந்து இங்கே ஸ்டாலின்கிராட் மெத்ரோப் பக்கம் ஒற்றை அறையில் இருக்கிறா. மகள் விதுசா சுபாங்கியின் வகுப்புத்தான். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் மத்தியானம் ஒரு வாய் வைப்பதில்லையாம். ஏனென்று கேட்டதற்குத் தாய் சொன்னா, சாப்பாட்டு மேசையிலை பிள்ளையைச் சுத்தி நிண்டு சிரிக்கினம் அண்ணை, சுபாங்கி எண்டு ஒரு பிள்ளைதான் தொடக்கிவிடுறது, காட்டுவழியாலை வந்ததுகளுக்குக் கரண்டி பிடிக்கவும் தெரியாது எண்டு தமிழிலை சொல்லிப்போட்டு மற்றப் பிள்ளையளுக்குப் பிரெஞ்சிலை விளங்கப்படுத்துதாம், என்று. சுபாங்கி யாருடைய மகள் என்று அவவுக்குத் தெரியாது.

தர்மிளா, அந்த வசனம் என்னுடையது. குசினியில் வேலை கேட்டு வருகிற புதுப் பெடியன்களைப் பற்றி நான்தான் வீட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டு அப்படிப் பகிடி விடுகிறவன். நானும் விசா இல்லாமல் போலந்துக் காட்டுக்குள்ளால் நடந்து வந்தவன் என்பது உனக்குத் தெரியும். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறாளே என்று சுபாங்கியோடு எவ்வளவு சண்டை பிடித்திருப்பேன், அவள் என் தமிழைக் கவனமாய்த்தான் கேட்டிருக்கிறாள்.

அதிபர் மடம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தா. நான் என்ன சொன்னேன் தெரியுமா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சாப்பாடு இன்னும் பழகவில்லை, சில பிள்ளைகள் பகிடி செய்கிறார்கள் போல, பெரிசாக ஒன்றுமில்லை என்று. மடம் தலையாட்டி, பார்த்துக்கொள்கிறோம் என்றா. அதையும் நானே சாரதாதேவிக்குத் தமிழில் சொன்னேன், அவ எழுந்து நின்று எனக்குக் கும்பிட்டா.

அன்று வீட்டில் சுபாங்கியைக் கூப்பிட்டு அதட்டினேன். அவள் பயப்படவே இல்லை, நீங்கள் சொல்லும்போது அம்மா சிரிக்கிறா, நான் சொன்னால் ஏன் பிழை என்று பிரெஞ்சில் கேட்டாள். அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். அடுத்த நாட்களில் சுபாங்கியைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போதெல்லாம் அந்தப் பிள்ளை மஞ்சள் வாங்கில் தனியே இருப்பதைக் கண்டேன். ஒருவரும் கூப்பிடவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை பிள்ளை.

வியாழக்கிழமை அதிபர் மடத்திடம் போய் உள்ளதைச் சொல்லிவிட்டேன், மகளின் பெயரையும் சொன்னேன். அவ கத்தவில்லை, கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். இனி எனக்குப் பதிலாகத் தொலைபேசியில் வேறொருவர் மொழிபெயர்ப்பார் என்று மட்டும் சொன்னா. சுபாங்கியும் நாளைக்குத் திங்கட்கிழமை எங்களோடு வந்து அந்தப் பிள்ளையின் முன்னால் நிற்க வேண்டும். வெளியே வரும்போது வாசலில் சாரதாதேவி நின்றா. மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவ மறித்துச் சொன்னா, நீங்கள் சொல்லேல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும் அண்ணை, எனக்குப் பிரெஞ்சு விளங்காதுதான், ஆனா பேர் எந்தப் பாசையிலையும் பேர்தானே, சுபாங்கி எண்டு எப்ப வரும் எப்ப வரும் எண்டு கேட்டுக்கொண்டிருந்தனான், வரேல்லை, என்று. அப்படியென்றால் ஏன் என்னைக் கும்பிட்டீர்கள் என்று கேட்டேன். உங்களை விட்டா எனக்கு அங்கை கதைக்க வேறை ஆர் அண்ணை இருந்தது என்றா.

குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு திரி, வேலை வேலையென்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. பிள்ளையார் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார். இது கிடைத்தவுடன் சுபாங்கியோடு கதை, பிரெஞ்சிலேயே கதை, பரவாயில்லை. அவள் உன் சொல் கேட்பாள். என் சொல்லையும் கேட்கிறவள்தான், அதுதான் அப்பாவுக்குப் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா
தில்லையம்பலம்