பிந்திப் போட்ட மனு

மொன்றியல்,
24.06.2007

என் அன்புத் தம்பி டனிஸ்ரனுக்கு,

அக்கா செலீன் எழுதிக்கொள்வது. நானும் அத்தானும் சுகம். நீயும் மெலனியும் குழந்தை ஜொய்சியும் மாதாவின் காவலில் இருக்க வேண்டுமென்று மன்றாடிக்கொண்டு தொடங்குகிறேன். ரெலிபோனில் நீ என்னைக் கதைக்க விடுகிறாயில்லை. கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் அப்பாவின் செய்தி. கண் சத்திரசிகிச்சைக்கு வந்து வெள்ளவத்தை லொட்ஜில் நின்றவரை 7ஆம் திகதி விடியப்புறம் பொலிஸ் எழுப்பி, மற்றத் தமிழ்ச் சனத்தோடு பஸ்ஸில் ஏற்றி, வவுனியாவில் கொண்டுபோய் இறக்கியது உனக்குத் தெரியும். நேற்றுத்தான் அவர் ஆறுதலாகக் கதைத்தார். “ஏன் கொழும்பில நிக்கிறாய் எண்டு கேட்டாங்கள் பிள்ளை. கண் காட்ட வந்தனான் எண்டன். அந்தக் காரணம் காணாது, வேற வேணும் எண்டாங்கள்” என்றார். அப்படி ஏற்றி அனுப்புவதற்கு நீதிமன்றம் தடை போட்ட பிறகு சிலர் திரும்பிப் போய்விட்டார்கள். அப்பா மாட்டேன் என்கிறார். கண் போனாலும் போகட்டுமாம். மருந்துத் துளி முடிந்துவிட்டது என்றும் சொன்னார். அதை எப்படி அனுப்புவது என்று அத்தான் விசாரிக்கிறார்.

உன்னைப் பற்றியும் கேட்டார். “அவனுக்கென்ன, கலாநிதிப் பட்டம் வைச்சிருக்கிறான். அவனை ஒருத்தரும் அசைக்கேலாது” என்றார். நான் ஓம் என்றேன். அப்பாவிடம் பொய் சொன்னேன், தம்பி.

மெலனியைக் கோபிக்காதே. பயத்தில்தான் அவள் எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். உன் அமெரிக்க வேலை விசாவின் ஆறாவது, கடைசி வருடம் நவம்பரில் முடிகிறது. கம்பனி மூன்று வருடமாக இழுத்தடித்து, கிரீன் கார்டுக்கான மனுவை மே மாதக் கடைசியில்தான் போட்டிருக்கிறது. இப்போது அங்கே செனற் சபையில் கிடக்கும் குடிவரவுச் சட்டமூலம் நிறைவேறினால் கம்பனி மனுப்போடுகிற முறையே இல்லாமல் போகுமாம். படிப்பு, வயது, ஆங்கிலம் என்று புள்ளி போட்டு ஆள் எடுப்பார்களாம். மே நடுப்பகுதிக்குப் பிறகு வந்த மனுக்களைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்று உங்கள் சட்டத்தரணி சொன்னாராம். அப்படியென்றால் இரண்டு கிழமை பிந்தியதால் நீ வரிசையிலேயே இல்லை. உன் படிப்புக்கு நிறையப் புள்ளி கிடைக்கும் என்று மெலனியைத் தேற்றுகிறாயாம். கிடைக்கலாம். ஆனால் அந்தப் புது வரிசை எப்போது தொடங்கும்? அதுவரை நவம்பர் பார்த்துக்கொண்டு நிற்குமா?

அப்பாவை ஏற்றிய அதே 7ஆம் திகதி அந்தச் சட்டமூலம் செனற்றில் விழுந்துவிட்டது என்றார்கள். இந்தக் கிழமை திரும்பவும் எடுக்கப் போகிறார்களாம். நீ வேலைக்குப் போய், கார் நிறுத்துமிடத்தில் ஒரு மணித்தியாலம் இறங்காமல் இருக்கிறாயாம். ஜொய்சிக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் இருக்கிறது. உனக்கும் மெலனிக்கும் அப்பாவைப் பஸ்ஸில் ஏற்றிய நாட்டின் பாஸ்போர்ட்தான் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குதில்லை.

இங்கே பார்க் எக்ஸ்டென்சன் பகுதியில் சட்ட உதவி செய்யும் ஒரு பெண்ணிடம் போய்க் கேட்டேன். அமெரிக்காவிலிருந்து தரை வழியாக வந்து அகதி கோரினால் பொதுவாகத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். கூடப்பிறந்தவர் இங்கே குடியுரிமையோடு இருந்தால் மட்டும் விடுவார்களாம். இதைத்தான் அன்று ரெலிபோனில் உனக்குச் சொல்ல வந்தேன். நீ என்ன சொன்னாய்? “இவ்வளவு படிச்சுப்போட்டு நான் அகதி எண்டு வந்து நிக்கவோ? வந்து உன்னோட டோர்வலில கூட்டித் துடைக்கவோ?” என்று கேட்டுவிட்டு ரெலிபோனை வைத்துவிட்டாய்.

பதினான்கு வருடமாக அந்த விமான நிலையத்தில் துடைக்கிறேன். நீ கொழும்பில் படித்த காலத்தில் விடுதிக்கும் புத்தகத்துக்கும் காசு அனுப்பினது அந்த வேலையில்தான். இதைச் சொல்லிக்காட்டுவதாக நினைக்காதே. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

வீம்பு பிடிக்காமல் யோசி. மெலனிக்கு என் அன்பு. குழந்தைக்கு முத்தம்.

உன் நல்லதையே நினைக்கும்,
அக்கா செலீன்


மொன்றியல்,
30.06.2007

அன்புத் தம்பிக்கு,

வியாழக்கிழமை நீ எடுத்தபோது நான் வேலையில் நின்றேன். “அக்கா, விழுந்திட்டுது!” என்று நீ கத்தியது பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. யார் விழுந்தது என்று பயந்தே போனேன். சட்டமூலம்தான் செனற்றில் தோற்றுவிட்டது என்று விளங்கியதும் வாளியைக் கவிழ்த்து வைத்து அதிலேயே இருந்துவிட்டேன். எத்தனையோ கிழமைக்குப் பிறகு நீ சிரித்ததைக் கேட்டேன். பேந்து மெல்லிய குரலில், “அண்டைக்கு டோர்வல் எண்டு சொன்னது பிழையக்கா” என்றாய். அதை அப்போதே மறந்துவிட்டேன். நீயும் மறந்துவிடு.

அப்பாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால், இவ்வளவு நாளும் ஏன் மறைத்தாய் என்று கேட்பார்.

ஆனால் தம்பி, எனக்குப் பயம் விடவில்லை. ஒருமுறை விழுந்து எழும்பியது இன்னொருமுறையும் எழும்பும். உன் மனு செல்லும் என்பது மட்டும்தான் இப்போது நிச்சயம். நவம்பருக்குள் முடிவு வருமா என்று கேட்டதற்கு, “தெரியாதக்கா, வரவேணும்” என்றாய். கம்பனி அதற்கிடையில் ஆட்குறைப்புச் செய்தால் என்ன நடக்கும் என்றும் கேட்டேன். மெலனி பின்னால் நின்று ஏதோ சொன்னாள். நீ கதையை மாற்றிவிட்டாய்.

நான் உனக்கு ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். தொண்ணூற்றோராம் ஆண்டு மாசி மாதம் நியூயோர்க்கிலிருந்து பஸ்ஸில் வந்து, லக்கோல் என்ற கனடா எல்லையில் இறங்கினேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. காலில் ரப்பர் செருப்பு. ஓர் அதிகாரிப் பெண் என் முன்னால் இருந்து கேள்வி கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் ரெலிபோனில் தமிழில் சொன்னார். ஊர், பெயர், வயது எல்லாம் தடங்கலின்றிச் சொன்னேன். கடைசியாக, “கனடாவில உங்களுக்கு ஆர் இருக்கினம்?” என்று கேட்டார். “ஒருத்தருமில்லை” என்றேன். அந்தப் பெண் அதை எழுதினாள். அவள் எழுதி முடிக்கும்வரைக்கும் எனக்கு அழுகை வரவில்லை.

இந்தக் கடிதத்தோடு என் பிறப்புப் பத்திரத்தின் பிரதியும் குடியுரிமை அட்டையின் பிரதியும் வைத்திருக்கிறேன். உன் பிறப்புப் பத்திரத்தையும் இவற்றோடு சேர்த்து வை. நாங்கள் அக்கா தம்பி என்று காட்ட, இரண்டு பத்திரத்திலும் அப்பா அம்மாவின் பெயர்கள் ஒரே எழுத்துக்கூட்டலில்தான் இருக்கின்றன. முன்பு நீ அனுப்பிய பிரதியை வைத்துப் பார்த்துவிட்டேன். இந்தத் தாள்கள் உனக்கு ஒருபோதும் தேவைப்படக் கூடாது. இதைக் கேட்டுத்தான் ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்கிறேன். என்றாலும் எறிந்துவிடாதே. கம்பனிக் கடிதங்களுக்குக் கீழே எங்கேயாவது கிடக்கட்டும்.

கடவுள் உன்னையும் மெலனியையும் பிள்ளையையும் இருக்கிற இடத்திலேயே நிம்மதியாக வைத்திருக்கட்டும். அப்படி வைத்திருக்காவிட்டால் லக்கோலுக்கு வா. அங்கே உன் பட்டத்தைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். இங்கே ஆர் இருக்கினம் என்றுதான் கேட்பார்கள். குரலை உயர்த்திச் சொல்லு, ராசா: அக்கா இருக்கிறா.

செலீன்