மண்ணாங்கட்டிக்கு முன்னால் வருவது

ஜனவரி 19, திங்கள்

பனி. எட்டரை வரை மலையே தெரியவில்லை. வைப்பர் போட்டுக்கொண்டே முதல் கிளாஸ். எல் போர்டு ஒரு பக்கம் உரிகிறது, ஒட்ட வேண்டும். டயரில் காற்று.

பத்து மணி. கூட்டு ரோட்டில் டீ. எதிரே வேறொரு டிரைவிங் ஸ்கூல் கார், தவளை மாதிரி குதித்துக் குதித்து வருகிறது. யார் பெத்த பிள்ளையோ என்று சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். நான் பெத்த பிள்ளை. ஸ்டியரிங்கில் என் மகள் அரசி.

பத்தொன்பது வருஷமாக இந்த ஊருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். செஞ்சியில் பாதிப் பேர் கியர் போட்டது என் கையைப் பார்த்து. என் பிள்ளை மட்டும் வேறு ஸ்கூலில்!

வீட்டில் கேட்டேன். கேட்டேனா, கத்தினேன். அரசி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"போன வருசம் ஒரே ஒரு நாள் கூட்டிக்கினு போன, நைனா. அரை மணி நேரத்துல பதினோரு தடவ எருமன்னு சொன்ன. நான் எண்ணிக்கிட்டே வந்தேன்."

"அது டென்ஷன்ல சொன்னது."

"ஒங்களுக்கு எதுதான் டென்ஷன் இல்ல?" என் மனைவி செல்வி. "உப்பு கொறைஞ்சா டென்ஷன், கரண்ட் போனா டென்ஷன்."

ஒரே டென்ஷன். சாப்பிடவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

பனி குறைவு. காற்று அடித்தாச்சு. எல் போர்டு அப்படியே.

ஸ்டெல்லா மேடம், நாலாவது கிளாஸ். ஆஸ்பத்திரியில் மனசு சரியில்லாதவர்களோடு உட்கார்ந்து பேசுகிற வேலை. மூன்றாவது தடவை வண்டியை ஆஃப் பண்ணினாங்க. கத்திவிட்டேன். அழுவாங்க என்று நினைத்தேன். இல்லை. இண்டிகேட்டர் போட்டு ஓரமாக நிறுத்தினாங்க (இண்டிகேட்டர் மட்டும் மறக்கவே மாட்டாங்க).

"அண்ணே, வீட்ல இன்னா ஆச்சு?"

சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"கோவம் பெரும்பாலும் ரெண்டாவதா வர்ற ஆளுண்ணே. அதுக்கு முன்னாடி வேற ஒண்ணு வந்துட்டுப் போயிருக்கும். எது வந்தாலும் அதுக்கு ஒரு பேர் வைங்க. பேர் வச்சாலே பாதி அடங்கிடும். தெனம் எழுதுங்க. டென்ஷன்ங்கற வார்த்த மட்டும் கூடாது."

டைரி ஏற்கெனவே இருக்கிறது, மளிகைக் கடையில் கொடுத்தது. நேற்றைய பக்கத்தைப் புரட்டினால் அந்த வார்த்தை ஐந்து இடத்தில்!

சாயந்திரம் யோசித்து யோசித்துக் கோபத்துக்குப் பேர் வைத்தேன். மண்ணாங்கட்டி. அம்மாவின் அண்ணன் பேர். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை என்று அவருக்கு அப்படி வைத்தார்கள். அவருக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 21, புதன்

வெயில் சீக்கிரம்.

7.10 – பஸ்காரன் காதுக்குள் ஹாரன். மண்ணாங்கட்டி வந்தார்.
9.00 – கோட்டைப் பக்கம் குரங்கு வைப்பரைப் பிடித்து இழுத்தது. ம.க. வந்தார். குரங்கு அசரவில்லை.
1.40 – சும்மாவே ம.க. சாப்பிட்டதும் போய்விட்டார். அது வெறும் பசி.

ஸ்டெல்லா மேடத்திடம் காட்டினேன். சிரித்த சிரிப்பில் கிளட்ச்சை விட்டு வண்டி ஆஃப்.

"ஐயோ அண்ணே! பேர் வைங்கன்னா கொழந்தைக்கு வைக்கிற மாதிரியா? பயமா, வெட்கமா, ஏமாத்தமா, அது இன்னான்னு சொல்லிப் பாருங்கன்னேன்."

எனக்கு முகம் சுண்டிப்போனது.

"பரவால்ல, மண்ணாங்கட்டி இருக்கட்டும். அவருக்கு முன்னாடி வர்றது யாருன்னு மட்டும் பாருங்க."

வீட்டுக்கு வந்தால் செல்வி கையில் டைரி.

"ஏங்க, பெரிய மாமா எப்போ வந்தாரு? அவரு போயி ஆறு வருசம் ஆவுதே!" பாவம், பயந்தே போய்விட்டாள். விளக்கிச் சொல்லப் பத்து நிமிஷம். அதற்கப்புறம் அவள் சிரித்து முடிக்கப் பத்து நிமிஷம். அரசியும் உள்ளே சிரித்தாள், சத்தம் கேட்டது. வெளியே வரவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

நேற்று எழுதவில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்த நாள். ஆறு பேருக்கு லைசென்ஸ் டெஸ்ட், ஐந்து பேர் பாஸ்.

இன்று மேடத்துக்கு ரிவர்ஸ். பின்னால் கொய்யாப்பழத் தள்ளுவண்டி. கத்துவதற்கு முன்னால் ஒரு நொடி என்னையே பார்த்தேன். முதலில் என் கால், வாத்தியாருக்கென்று என் பக்கம் வைத்திருக்கிற பிரேக்குக்குப் போகிறது. அப்புறம்தான் வாய்.

அந்தக் காலை ஓட வைத்ததுக்குப் பேர் பயம். வேறு ஒன்றும் இல்லை. தினம் எட்டு மணி நேரம் பயந்துகொண்டே இருந்திருக்கிறேன், அடுத்தவனை எருமை எருமை என்று சொல்லிக்கொண்டு! எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"மேடம், எனக்குக் கொஞ்சம் பயமா இருக்குது, நிறுத்துங்க" என்றேன். உடனே நிறுத்திட்டாங்க. கத்தியிருந்தால் ஆக்சிலேட்டரை மிதித்திருப்பாங்க. கொய்யாக்கார அம்மா தப்பித்தது.

ஆனால் திங்கட்கிழமை கூட்டு ரோட்டில் வந்தது பயம் இல்லை. அது வெட்கம். டீக்கடையில் எல்லாரும் பார்த்துவிட்டார்களே என்று. அதற்கும் அடியில் ஒன்று இருக்கிறது. என் பிள்ளைக்கு என் பக்கத்தில் உட்காரப் பிடிக்கவில்லை. அது துக்கம். எழுதும்போதே கண் கலங்கியது. செல்வி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பழியை வெங்காயத்தின் மேல் போட்டுவிட்டேன்.

ஜனவரி 24, சனி

மேகம். மழை இல்லை. இரண்டு கிளாஸ்தான்.

அரசியிடம் பேசினேன். என்னென்னவோ ஒத்திகை பார்த்துக்கொண்டு போய் உளறிக் கொட்டினேன்.

"அன்னிக்கி எருமன்னு சொன்னது தப்புமா. எனக்கு பயம். ஒனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு."

போனைக் கீழே வைத்தாள்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் மெதுவா ஓட்டியிருப்பேன்ல?"

இருக்கும். அது எனக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் அவளே: "நாளைக்கி மாமா கார எடுத்துக்கினு பனமலை ஏரி வரைக்கும் போலாம்னு இருக்கேன். பக்கத்துல லைசென்ஸ்காரங்க ஒருத்தர் உக்காரணும். வர்றியா?"

"அந்தக் கார்ல என் பக்கம் பிரேக் கெடையாதே."

"தெரியும். அதான் கேக்குறேன்."

மாமாவுக்கு, அதாவது என் மச்சானுக்கு, போன் பண்ணிவிட்டேன். சாவி தருகிறான்.

ஜனவரி 25, ஞாயிறு

நல்ல வெயில். செல்வி புளிசாதம் கட்டிக்கொண்டு பின் சீட்டில். அரசி ஸ்டியரிங்கில். நான் பக்கத்தில்.

ஊரைத் தாண்டுவதற்குள் என் கால் மிதித்த மிதியில் தரை மேட் சுருண்டுவிட்டது. "ஒங்க நைனா கீழ தையல் மிஷின் ஓட்டறாரு" என்றாள் செல்வி. அரசி சிரித்தாள், ஆனால் கண்ணை ரோட்டை விட்டு எடுக்கவில்லை. நல்ல பழக்கம். அந்த ஸ்கூல்காரன் நன்றாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறான். பொறாமை. சந்தேகமே இல்லை, பொறாமைதான்.

ஏரிக்கரை ஏற்றம். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பள்ளம். எதிரே கரும்பு டிராக்டர், மலை மாதிரி லோடு. பாதி ஏற்றத்தில் வண்டி ஆஃப். பின்னால் ஒரு சாண் சரிந்தது. அரசி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள்.

"இன்னாம்மா, ஒதுங்குவியா மாட்டியா?" டிராக்டர்காரர்.

என் வாயில் 'எ' வரைக்கும் வந்துவிட்டது. முழுங்கினேன்.

"நைனா, இன்னா?"

"பயமா இருக்குதும்மா."

"எனக்குந்தான். நீ கண்ண மூடிக்கோ, நான் எடுக்கறேன்."

முன் சீட்டில் உட்கார்ந்து நான் கண்ணை மூடியதே கிடையாது. மூடிக்கொண்டேன்.