பர்மாக்காரன் கட்டிய வேஷம்

நண்பா,

நேற்று பேத்திக்குப் பள்ளி நாடகம். முகத்தில் அரிதாரம் பூசினார்கள். அந்த எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு வந்தது அழுகையல்ல, சந்தேகம். "இவளுக்கு எதுக்கு இந்த வேஷத்தைக் குடுத்தாங்க?" என்று மகளைக் குடைந்தேன். நீ இருந்திருந்தால், "சந்தேகப்பிராணி, திருந்தவே மாட்டியாப்பா?" என்று தலையில் தட்டியிருப்பாய். நீ போய்ச் சேர்ந்த பிறகு அப்படித் தட்ட ஆளில்லை.

எப்படித் திருந்துவேன்? அப்பா இந்த ஊர், அம்மா பர்மா. ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்து, பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்கார்ந்த பிறகும் நான் அந்தத் தெருவுக்குப் பர்மாக்காரன்தான். அம்மா லுங்கி கட்டினால் ஒரு பேச்சு, மீன் விழுது வதக்கினால் ஒரு பேச்சு. கூலி உயர்வு கேட்டு நாம் ஸ்ட்ரைக் செய்தபோது, சங்கத்தில் பேசியதெல்லாம் முதலாளி காதுக்குப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் குடியிருந்தது அவர் வீட்டில். கேட்க வேண்டுமா, எல்லார் கண்ணும் என்மேல்.

அந்த நேரம் பார்த்து, ஸ்ட்ரைக்குக்காக நீ போட்ட தெருக்கூத்தில் எனக்குக் கட்டியக்காரன் வேஷம் கொடுத்தாய். கட்டியக்காரன் என்றால் கோமாளி! என் தமிழைக் கேட்டு ஊர் சிரிக்கட்டும் என்றுதானே? "ஏன்யா, நான்தான் கெடச்சேனா?" என்று எகிறினேன். மீசையை ஒட்டிக்கொண்டே சொன்னாய்: "ராஜாவையே நிக்கவெச்சு கேள்வி கேக்கறவன் கூத்துல அவன் ஒருத்தன்தான்பா." நான் நம்பவில்லை.

கூத்தன்று, முதலாளியைப் போலவே பேசி நடித்த ராஜா நீ. உன்னைக் கேள்விமேல் கேள்வி கேட்டேன். கூட்டம் சிரித்தது, என்னைப் பார்த்தல்ல, ராஜாவைப் பார்த்து. அடடா, என்ன சந்தோஷம்! அப்போது ஒருவன் கத்தினான்: "காட்டிக் குடுக்கறவனே நீதானடா, எறங்குடா கீழ!" சிரிப்பு நின்றது. நீ கிரீடத்தைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாய். "அவன் எறங்கினா நானும் எறங்கறேன். கூத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல." கத்தியவன் உட்கார்ந்தான். ஆட்டத்தை முடித்தோம். மறுநாள் டீக்கடை பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள்.

"நீ ஒருத்தனாவது என்னை நம்பறியே," என்றேன் உன்னிடம்.

நீ சொன்னாய்: "பொய் சொல்ல மாட்டேன்பா. எனக்கும் சந்தேகம் இருக்குது. அதுக்காக, கையும் களவுமா புடிக்காம ஒருத்தன எறக்கி விடுவாங்க, நான் பாத்துக்கினு நிக்கணுமா?"

சுருக்கென்றது. கோபத்தில் உன் தெருப்பக்கமே வராமல் இருந்தேன். காட்டிக்கொடுத்தது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. ஆனாலும் அடுத்த கூத்துக்கு நானே வந்து வேஷம் கேட்டேன். அப்பாவும் அம்மாவும் என்னை நம்பினார்கள், அதனால் எனக்காக நின்றார்கள். நம்பாமலேயே எனக்காக நின்றவன் நீ ஒருவன்தான்.

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு சைக்கிள் காணாமல் போனது. பீகாரிலிருந்து புதிதாகக் குடிவந்தவன் வீட்டு வாசலில் கூட்டம். எனக்கும் அவன்மேல் சந்தேகம்தான், பிறவிக் குணம் போகுமா? செருப்பை மாட்டிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் நின்றேன்.