காலியாக இல்லாத மணை

நலம் பெருகுக. ஏரிகள் நிறைக. எல்லை காப்போர் கண்கள் நோகாதிருக்க.

செழுமணி நாட்டை ஒரு குடைக்கீழ்க் காத்து, நீர்மாடம் என்னும் திருநகரில் வீற்றிருந்து, வழக்கென்று வந்தோரை வெயிலில் நிறுத்தாத பெருமைக்கு உரியவராகிய கோமகள் திருமுகை நாச்சியார் திருவாய் மலர்ந்தருளியபடி, ஓலைநாயகம் பதுமன் காரி எழுதியது. மஞ்சுறை மலைக்கோட்டைத் தலைவரும், வடவெல்லைப் படைக்கு முதல்வரும், பனியிலும் கண்ணயராதவருமாகிய அரையன் கடம்பனார் கண்டுகொள்க.

இங்கு நாச்சியாரும் அவையோரும் நலம். உம் கோட்டையும் குதிரைகளும், சென்ற மழையில் சரிந்த வடக்கு மதிலும், அதை எடுத்துக் கட்டும் கல்தச்சரும் நலமா என்று நாச்சியார் கேட்டருளினார். குளிர்காலத்தில் உமக்கு வரும் முழங்கால் வலிக்கு மருத்துவத் தலைவி கொற்றியார் தைலம் ஒன்று அனுப்பியிருக்கிறார். அதைப் பெட்டியில் பூட்டிவைக்காமல் பூசிக்கொள்ள வேண்டும் என்று சற்றுக் கடுமையாகவே சொல்லியனுப்பினார்.

இனிக் காரியம். நீர் ஏரி வாரியத் தலைவர் எயினன் தத்தனாருக்கு விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. அதன்மேல் இங்கு நடந்தவற்றை முறையாக உமக்கு உணர்த்துமாறு நாச்சியார் ஆணையிட்டார். இவ்வோலையின் படி அரண்மனை ஓலைச்சாலையில் வைக்கப்படும் ஆதலால், பின்வருவோரும் விளங்கிக்கொள்ளும்பொருட்டு நீர் அறிந்தவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்தருள்க.

நீரும் தத்தனாரும் கொற்றியாரும் துறைமுகத் தலைவர் நாகன் பூதியாரும் இளைய அலுவலராய் இருந்த நாளில், வெள்ளம் வழியடைத்த ஒரு கார்காலத்தில், ஆற்றங்கரைச் சத்திரம் ஒன்றில் நால்வரும் அடைபட்டுக் கிடந்தீர்கள். பொழுது போகாமல் தத்தனார் இல்லாத ஒரு நாட்டைச் சொல்லத் தொடங்கினார். மற்ற மூவரும் அந்நாட்டில் ஆளுக்கு ஒருவராகப் புகுந்தீர்கள். அவர் வழியையும் இடரையும் சொல்வார்; நீங்கள் உங்கள் ஆள் என்ன செய்வான் என்று சொல்வீர்கள்; அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். வெள்ளம் வடிந்தது. ஆட்டம் வடியவில்லை. கதைப்பகடை என்று அதற்குப் பெயரும் வைத்துக்கொண்டீர்கள்.

ஒரு படையையே நடத்தும் நீர் அந்நாட்டில் தும்பி என்னும் பாணன்; யாழைத் தூக்கிக்கொண்டு ஆபத்தைக் கண்டால் முதலில் ஓடுபவன். எலும்பு சேர்த்துக் கட்டும் கொற்றியார் அங்கே மழுவாச்சி என்னும் கொள்ளைக்காரி. எதிர்ப்படுவோர் எலும்பையெல்லாம் முறிப்பவள். துறைமுகத்தில் காலை முதல் மாலை வரை தொண்டை கிழியப் பேசும் பூதியார் அங்கே வாய் திறவாத முனிவர். இவையெல்லாம் கேட்டபோது நாச்சியார் வாய்விட்டுச் சிரித்ததை நான் என் கண்ணால் கண்டேன்.

பின்பு நால்வருக்கும் பதவி உயர்ந்தது. நால்வருக்கும் பொழுது சுருங்கியது. ஒருவருக்கு ஓய்ந்த நாள் மற்றவருக்குக் கப்பல் வரும் நாளாயிற்று. காய்ச்சல் பரவினால் கொற்றியார் வரமாட்டார். கரை உடைந்தால் தத்தனாரே வரமாட்டார். எந்த நாள் ஒத்துவரும் என்று கேட்டுத் தத்தனார் ஓலை அனுப்புவார். கேட்ட நாள் கடந்தபின் மறுமொழி வரும். கடைசியில், கேட்பதை விட்டு, ஒவ்வொரு அமாவாசையும் பிற்பகலில் ஏரிக்கரை வாரிய மண்டபத்தில் ஆட்டம் என்று அவர் தாமே முடிவு செய்தார். அதனால் ஓரளவு நடந்தது. ஆயினும் நீர் மலைக்கோட்டைக்குத் தலைவராய்ப் போனபின் உம் மணை மட்டும் அடுத்தடுத்து ஆளில்லாமல் கிடந்தது. நீர் வரக்கூடும் என்று மூவரும் பாதிப்பொழுது வாயிலைப் பார்த்திருந்து, மீதிப்பொழுது பழங்கதை பேசிக் கலைவது வழக்கமாயிற்று.

அந்நிலையில்தான் உம் ஓலை வந்தது. மதில் முடியும்வரை மலையிறங்க வழியில்லை என்றும், மதில் முடிந்தால் வேறொன்று வரும் என்றும், உம் பொருட்டு மூவர் ஆட்டமும் கெடுவது முறையன்று என்றும், ஆகவே கதையில் அடுத்து வரும் கோட்டைவாயில் சண்டையில் பாணன் தும்பியை மானத்தோடு சாகச்செய்து அம்மணையை வேறொருவருக்குத் தரவேண்டும் என்றும் எழுதியிருந்தீர். குறையும் சொல்லவில்லை, வருத்தமும் காட்டவில்லை. படைநிலை அறிவிப்பதுபோல் நேராக எழுதியிருந்தீர்.

அந்த நேர்மைதான் தத்தனாரைச் சுட்டது. இதை அவரே நாச்சியார் திருமுன் சொன்னார். மதகு பார்க்கப் போகும்போதும் கரையில் நடக்கும்போதும் உம் ஓலையே மனத்தில் ஓடியதாம். மதில் என்பது சாக்கோ, தம் கதைதான் சலித்துவிட்டதோ என்று ஐயம் வந்ததாம். இத்தனை ஆண்டும் மலையும் காடும் ஊரும் பேரும் கட்டிக் கட்டி வைத்தது தமக்கு மட்டுமே இனித்ததோ என்றும் தோன்றியதாம். இருந்தும் நண்பர் கேட்டதாயிற்றே என்று, தும்பி சாகும் காட்சியை மனத்துக்குள் அமைத்துப் பார்த்தார். அம்பு தைத்து விழ வைத்தார், பொருந்தவில்லை. மழுவாச்சியைக் காக்கக் குறுக்கே பாய வைத்தார். தும்பி பாயமாட்டான் என்று அவருக்கே தெரிந்தது. எப்படி அமைத்தாலும் அந்தப் பாணன் எழுந்து ஓடிவிட்டான்.

அமாவாசை வந்தது. மற்ற இருவரும் மண்டபத்துக்கு வந்ததும் அவர் உம் ஓலையைப் படித்துக் காட்டினார். கொற்றியார் முகம் சிவந்தார். ஆளைக் கொல்லச் சொல்லி ஓலை எழுத இவருக்கு என்ன துணிச்சல் என்று கேட்டார். பூதியாரோ, வர இயலாதவரை வா வா என்று இழுப்பதும் துன்பம்தான், கேட்டபடி விடை கொடுத்துவிடுவோம், அவர் மனம் இலேசாகட்டும் என்றார். இருவரும் கடுமையாகவே வாதாடினார்கள். தத்தனார் இடையில் புகவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். அப்போதுதான் ஒன்று அவருக்குத் தெளிந்தது. ஆட்டத்தைக் கெடுத்தது கடம்பனார் வராதது அன்று. அவர் வரட்டும் என்று மற்ற மூவரும் ஆடாமல் காத்திருந்ததுதான். அதைச் சொன்னார். தும்பி சாகவேண்டியதில்லை, ஒரு தோணித்துறை விடுதியில் காய்ச்சலோடு படுத்திருக்கட்டும், கடம்பனார் வரும் அன்று காய்ச்சல் விடட்டும், நாம் இப்போதே கோட்டைவாயிலுக்குப் போவோம் என்றார். மூவரும் ஆடினார்கள். நெடுநாளுக்குப்பின் நன்றாக ஆடினார்கள்.

அன்று பேராம்பல் ஏரியின் புது மதகைக் காண நாச்சியார் எழுந்தருளியிருந்தார். மண்டபத்தைக் கடக்கையில் வாயிற்காவலன் தாடையைப் பெயர்த்துவிடுவேன் என்று கொற்றியார் குரல் கேட்டது. நாடறிந்த மருத்துவத் தலைவியின் குரல் ஆதலால் நாச்சியார் திடுக்கிட்டு உள்ளே புகுந்தார். மூவரும் பதறி எழுந்தார்கள். நடந்ததை விளக்கினார்கள். நாச்சியார் கோபிக்கவில்லை, ஒரு தூணருகே அமர்ந்து, தொடர்க என்று பணித்தார். பகடை இரண்டுமுறை உருண்டபின் கூச்சம் தெளிந்தது. பொழுது சாயும்வரை நாச்சியார் அசையவில்லை.

ஆட்டம் நின்றதும், ஒருவரும் அமராமல் பகடை மட்டும் வைத்திருந்த மணையைக் காட்டி, இது யாருடையது என்று கேட்டார். உம் வரலாற்றையும் உம் விருப்பத்தையும் சொன்னார்கள். நாச்சியார் அந்தப் பகடையைப் பார்த்தார்.

"அப்படியானால் அந்த இடத்தில் நான் அமர்கிறேன்" என்றார்.

பூதியார் உடனே குனிந்து மணையைத் துடைக்கப் போனார். தத்தனார் கைநீட்டி அவரைத் தடுத்தார்.

"பொறுத்தருள வேண்டும் நாச்சியாரே. அந்த மணை காலியாக இல்லை. அதற்கு உரியவர் வரத் தாமதமாகிறது, அவ்வளவுதான்."

அருகில் நான் நின்றிருந்தேன். முடி சூடிய நாள்முதல் நாச்சியார் கேட்ட எதற்கும் இல்லை என்ற சொல்லை இந்நகரில் ஒருவரும் சொன்னதில்லை. நாச்சியார் மறுமொழி ஏதும் கூறாமல் எழுந்து பல்லக்கில் ஏறினார்.

அதன்பின் தத்தனார் பட்ட பாட்டை நீர் அறிய வேண்டும். கொற்றியார் அவர் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு, ஊர் மாற்றினால் என்னிடம் சொல்லும், நல்ல மருந்துப்பை கட்டித் தருகிறேன் என்றாராம். தத்தனார் வீட்டுக்குப் போய் மனைவியிடம், உப்பளக் கரைக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள் என்று சொல்லிவைத்தார். அந்த அம்மையாரோ, கடம்பனார் மணைதானே, சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள் என்று சோறு பரிமாறினார். அப்போதுதான் அவருக்குக் கொஞ்சம் பசித்ததாம். செய்தது தவறென்று ஒருகணமும் அவருக்குத் தோன்றவில்லை. அச்சம் மட்டும் இருந்தது.

அரண்மனையிலிருந்து அழைப்பு வந்தது. தத்தனார் நல்லாடை உடுத்து வந்தார். நாச்சியார் அவையோரை விலக்கிவிட்டு, என்னை மட்டும் எழுத்தாணியோடு நிறுத்திக்கொண்டார். தாம் இளவரசியாய் இருந்தபோது உடன் விளையாடிய தோழியர் இப்போது சதுரங்கத்தில் வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்றும், அன்று மண்டபத்தில்தான் நெடுங்காலத்துக்குப்பின் ஒருவர் தம்மிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார் என்றும் கூறினார். அன்று பேசாமல் போனது சினத்தால் அன்று. என்ன சொல்வதென்று தமக்குத் தெரியவில்லை என்றார்.

"அந்த நாட்டில் ஐந்தாவது மணைக்கு இடம் உண்டா?" என்று கேட்டார்.

தத்தனார் உடனே ஆம் என்று சொல்லவில்லை. நண்பர்களைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார். மேலும், அந்நாட்டில் அரியணை இல்லை, புதிதாய் வருபவர் அடியிலிருந்தே தொடங்க வேண்டும், பகடை பொய்த்தால் பொய்த்ததுதான் என்றும் சொன்னார். நாச்சியார் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். கொற்றியாரும் பூதியாரும் இசைந்தார்கள். உம்மையும் கேட்க வேண்டும் என்று தத்தனார் நினைவூட்டியதால், உம் மறுமொழி வரும்வரை நாச்சியார் இருக்கை தற்காலிகமானது என்று முடிவாயிற்று.

சென்ற அமாவாசையில் நாச்சியார் முதன்முறை ஆடினார். அவர் இப்போது சுள்ளி என்னும் மாடோட்டி. தோணித்துறை விடுதியில் காய்ச்சலாய்க் கிடக்கும் பாணன் தும்பியின் மூட்டையையும் யாழையும் பொதிமாட்டில் ஏற்றிக்கொண்டு மற்றவர் பின்னே செல்வது அவர் தொழில். முதல் பகடையே காலை வாரியது. மாடு சேற்றில் விழுந்தது. கொற்றியார் தம்மை மறந்து கைகொட்டிச் சிரித்து, சிரித்தது யாரை என்று உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டார். நாச்சியார் மாட்டை எழுப்பும் வழியை யோசித்துக்கொண்டிருந்தார். அதை அவர் கவனிக்கவேயில்லை. அன்று மாலை அரண்மனை திரும்புகையில், பெருமுனிவர் உதவி செய்யாமல் கண்ணை மூடிக்கொண்டார் என்று பூதியாரைப் பற்றி வழியெல்லாம் குறை சொல்லிக்கொண்டு வந்தார். அவர் அத்துணை மகிழ்ந்து நான் கண்டதில்லை.

ஆகவே இவற்றால் ஆணையாவது. உம் விலகல் ஏற்கப்படவில்லை. பாணன் தும்பியைக் கொல்ல உமக்கோ ஏரி வாரியத் தலைவருக்கோ அதிகாரம் இல்லை. அமாவாசைப் பிற்பகலில் இனி அரசவை கூட்டப்படாது. வர இயன்றவர் வருக, இயலாதவர் சாக்குச் சொல்லவும் வேண்டா, வருந்தவும் வேண்டா, இருப்பவர் ஆடுவர். அறுவடைக்குப் பின் ஒருமுறையும் கார்காலத்துக்கு முன் ஒருமுறையும் ஆட்டம் உம் மலைக்கோட்டையில் நடைபெறும். நாச்சியார் மதில் பார்வையிட வருவதாக ஊருக்கு அறிவிக்கப்படும், மதிலையும் பார்ப்பார். அப்போது ஐந்து மணைகள் ஆயத்தமாக இருக்கட்டும். ஐந்தாவதற்கு உம் இசைவு வேண்டும் என்பதால், ஆம் என்றோ இல்லை என்றோ அஞ்சாமல் எழுதுக. இல்லை என்றால் நாச்சியார் தூணருகே அமர்ந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

தத்தனாரும் ஒரு சொல் சேர்க்கக் கேட்டுக்கொண்டார். கதை சலித்துப்போயிருந்தால் அதையும் எழுதலாம், மாற்றிக்கொள்கிறேன் என்றார். அது அப்படி இராது என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். உம் கையால் எழுதி வந்தால் அவர் நம்புவார்.

ஆம்பல் முத்திரையிட்டு, வளர்பிறை தொடக்கத்தில், அஞ்சல் வீரன் கையில் தந்தது. மலைக்கோட்டைக்கு இது அரசாணை, வழுவாது நடத்துக.

முத்திரைக்குக் கீழே நாச்சியார் தம் கைப்பட எழுதியது:

பாணர் தும்பி அவர்களுக்கு மாடோட்டி சுள்ளி விண்ணப்பம். மாடு விழுந்ததில் உங்கள் யாழ் சேற்றில் புதைந்தது. எடுத்துக் கழுவினேன். ஒரு நரம்பு அறுந்துவிட்டது. காய்ச்சல் விட்டதும் நேரில் வந்து திட்டவும்.