முள் குத்தாத மீன்

செம்பூர் மார்க்கெட்டில் இன்று காலை ஏரி மீன் வந்திருந்தது. கடல் மீனுக்கு உப்பு வாடை, ஏரி மீனுக்குச் சேற்று வாடை. கூடையைத் தாண்டும்போதே அது மூக்கில் ஏறியது. உடனே நீங்கள் ஞாபகத்துக்கு வந்துவிட்டீர்கள், அத்தான். பூ வாடையில் ஞாபகம் வருகிற மனிதர்களும் உலகத்தில் உண்டு. உங்களுக்கு வாய்த்தது இது.

பிள்ளையாரைக் கரைத்து, மழை விட்டு, வெயில் சுள்ளென்று ஏறுகிற மாதம். அந்த வருஷமும் இதே வெயில்தான். யுத்த காலம். அம்மா அப்பா போனபின் எனக்குப் போக்கிடம் என்று இருந்தது தாராவியில் உங்கள் ஒற்றை அறை ஒன்றுதான். அக்காவைக் கட்டியவர் என்பதால் எனக்கு நீங்கள்தான் அப்பா, அண்ணன், எல்லாம் என்று ஊரில் சொல்லி அனுப்பினார்கள். சொன்னவர்கள் யாரும் உங்களைப் பார்த்ததில்லை.

ஆறு நாள் தோல்ஷாப்பில் வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு சயானில் ரயிலேறி, காட்கோபரில் இறங்கி, பவாய் ஏரிக்கு நடை. ரேஷன் வரிசையில் கால்கடுக்க நின்று நானும் அக்காவும் வாங்கிவந்த கோதுமை மாவில் பெருங்காயம் போட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து, மீனுக்குக் கொண்டுபோவீர்கள். வீட்டில் இரண்டு பெண்கள் கஞ்சி குடித்தோம். சாயங்காலம் பெரிய கெண்டை ஒன்றைச் செவுளில் நார் கோத்துத் தொங்கவிட்டுக்கொண்டு வருவீர்கள். நேராக வீட்டுக்கு வரமாட்டீர்கள். சந்து சந்தாகச் சுற்றி, குழாயடியில் நின்று, நாலு பேர் கேட்டபின்தான் வருவீர்கள். "எங்கூர்க் குளத்து மீனெல்லாம் என் நிழலக் கண்டாலே கரைக்கு வந்துரும்லா" என்பது உங்கள் வாய்ப்பாடு.

அந்த மீனையெல்லாம் ஆய்ந்தது நான். தூண்டிலில் வந்த மீனுக்கு உதடு கிழிந்திருக்கும். முள்ளை விழுங்கிய மீனென்றால் தொண்டையில் புண் இருக்கும். நீங்கள் கொண்டுவந்ததற்கு உதடு என் உதட்டைப்போல முழுசாக இருந்தது. செவுளுக்குப் பின்னால் மட்டும் நூல் இறுக்கிய வளையம், அதைச் சுற்றிச் செதில் உரிந்திருக்கும். வலையில் செத்த மீன். ஏரியின் மறுகரையில் வலை போடுகிறவனிடம் வாங்கி வந்து, நீங்கள் பிடித்ததாகச் சந்தில் காட்டிக்கொண்டு திரிந்தீர்கள். அக்காவிடம் காட்டினேன். அவளுக்கு முன்னமே தெரியும். "ஏட்டி, வாய வச்சிக்கிட்டு சும்மா இரு. அவிய மானம் போனா நம்ம சோறும் போச்சு" என்றாள். சும்மா இருந்தேன். உங்கள் மானத்தை நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் வைத்துக் காத்தோம். அது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

பிறகு அம்பர்நாத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் அங்கே தொழிற்சாலையில் ஃபிட்டர். தாயும் தகப்பனும் வந்தார்கள். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் முடிந்தது என்று அர்த்தம். அன்று அவர்கள் கை நனைக்கவில்லை, ஆனால் அந்த அம்மாள் என் தலைமுடியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது. அந்தச் சந்தைவிட்டு, உங்கள் கூரையைவிட்டுப் போக எனக்கு வேறு வழி இல்லை.

பையனின் தகப்பனார் தாமிரபரணிக் கரையில் பிறந்தவர், தூண்டிலில் கை பழகியவர். அவரிடம்போய் நீங்கள் நிழல் கதையை அவிழ்த்துவிட்டீர்கள். அவரும், "அப்ப வார ஞாயித்துக்கெழம நாமளும் போவமா மாப்ள" என்று கேட்டுவிட்டார். உங்கள் முகம் போன போக்கைத் திரைச்சேலைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். எத்தனையோ கஷ்டத்துக்கு நடுவில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏரியில் நடந்ததைப் பிற்பாடு அவர் என் மாமனாராகி என்னிடம் சொன்னார். ஏரி விளிம்புவரை நிறைந்து நின்றதாம். தண்ணீர் டீ நிறம். கரையோரப் புல்லும் புதரும் மூழ்கி, அதிலிருந்த புழு பூச்சியெல்லாம் தண்ணீருக்குள். மீனுக்கு வாசலிலேயே விருந்து, உங்கள் மாவுருண்டையை எது சீந்தும்? இன்னும் கொஞ்ச நாள் வெயில் காய்ந்து, கலங்கல் அடியில் படிந்து, தண்ணீர் ஒரு சாண் இறங்கவேண்டுமாம். அதற்குப்பின் பனி விழுகிற விடியலில் புல்லோரமாக உட்கார்ந்தால் மீன் தானாக வருமாம். வெயில் ஏறினால் ஆழத்துக்குப் போய்விடுமாம். அதைத்தான் அவர் உங்களிடம் பதமாகச் சொல்லியிருக்கிறார்: "தண்ணி இன்னும் தெளியல மாப்ள. தசரா கழியட்டும்."

உங்களிடம் இருந்ததோ ஊர்க் கணக்கு. நம் மானாவாரிக் குளம் கார்த்திகையில் நிறைந்து சித்திரையில் வற்றும். புரட்டாசியில் அதில் மாடு மேயும். வற்ற வற்ற மீன் மடைக்குழியில் ஒதுங்கும், சின்னப் பிள்ளைகள்கூடக் கையால் அள்ளும். அப்படி அள்ளியதை வித்தை என்று நினைத்துக்கொண்டு இங்கே வந்தவர் நீங்கள். ஆனியில் மழை தொடங்குகிற ஊரில் இத்தனை வருஷம் நனைந்தும் அது உறைக்கவில்லை. "ஆழத்துலதாம் மீன் கெடக்கும்" என்று அந்த மனிதரை அணைச்சுவரோரம் கூட்டிப்போய், உச்சி வெயிலில் பாறைமேல் உட்காரவைத்திருக்கிறீர்கள். தண்ணீர் பெருகிக் கிடந்ததால் அன்று வலைக்காரனும் வலை இறக்கவில்லை. கைவீசிக்கொண்டு திரும்பினீர்கள்.

தண்ணீரின்மேல் பழியைப் போட்டிருக்கலாம். அவரே எடுத்துக் கொடுத்தார். தண்ணீர் கோபித்துக்கொள்ளாது. நீங்கள் குழாயடியில், பத்துப் பெண்கள் குடத்தோடு நிற்கும்போது, என் வருங்கால மாமனாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "காலைல பொறப்படும்போது எங் கொழுந்தியா தூண்டிலத் தாண்டிட்டால்லா. பொம்பள தாண்டுன தூண்டில்ல மீன் எப்படி விழும்?"

அன்று விடியலில் நான் இதே குழாயடியில் வரிசையில் நின்றேன். தூண்டில் வீட்டில் கூரை வளையில் செருகியிருந்தது. அதைத் தாண்டவேண்டுமென்றால் நான் பறந்திருக்கவேண்டும்.

அந்தப் பேச்சு அம்பர்நாத்துக்கு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. ராசியில்லாத பெண்ணாமே என்று பையனின் தாயார் ஆள் விட்டுக் கேட்டார். அக்கா அழுதாள். நீங்கள், "மீனோட வந்து எல்லாத்தயும் சரிபண்ணுதேன்" என்றீர்கள். தசரா கழிந்து தண்ணீரும் தெளிந்தது, வலையும் இறங்கியது. அவர்களைச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டு இரண்டு கெண்டையோடு வந்தீர்கள். வந்து உட்கார்ந்ததும் என்ன சொன்னீர்கள்? "இன்னைக்கு அவள உள்ளயே இருக்கச் சொல்லிட்டுப் போனேன். பாருங்க, ரெண்டு."

ஒரு மீன் குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தது. இன்னொன்றை நான் ஆயவில்லை. தாம்பாளத்தில் வைத்துத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். தாம்பாளத்தைப் பையனின் தகப்பனார் முன்னால் வைத்தேன்.

"மாமா, இது வாயத் தொறந்து பாருங்க. முள்ளு எங்க குத்தியிருக்கு?"

"முழுங்கியிருக்கும்" என்றீர்கள் நீங்கள், அவசரமாக.

"அப்ப தொண்டையயும் பாருங்க மாமா."

அவர் பார்த்தார். உதட்டை விரித்துப் பார்த்தார், தொண்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார், பிறகு செவுளுக்குப் பின்னாலிருந்த வளையத்தைக் கட்டைவிரலால் தடவினார். உங்களைப் பார்க்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். பானையில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்து, "எலையப் போடும்மா. வலையில விழுந்ததுக்கும் ருசி உண்டு" என்றார்.

அவர் மனைவி அசையவில்லை. "மீனு எப்படியும் வரட்டும். நான் கேட்டது கேட்டதுதான். ஒங்க கை நனஞ்சுது, எங் கை நனையல" என்று முந்தானைக்குள் கையை மடித்து வைத்துக்கொண்டார்.

நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? மீன் தலையை உங்கள் இலையில் எடுத்து வைத்துக்கொண்டீர்கள். சம்பந்தி இலைக்குப் போகவேண்டிய தலை. அத்தனை அவமானத்துக்குப் பிறகும் கண்ணை உறிஞ்சித் தின்றீர்கள். உங்கள் பசியைப்போல உறுதியான எதுவும் உங்களிடம் இருந்ததில்லை.

இப்படியாக, ஒருவர் கை நனைத்த வீட்டுக்கும் ஒருவர் நனைக்காத வீட்டுக்கும் மருமகளாகப் போனேன். இரண்டும் ஒரே வீடு. என் தலைப்பிள்ளை, ஆண், மூன்றாம் மாதம் காய்ச்சலில் போனான். துக்கத்துக்கு நீங்கள் வந்தீர்கள். பிள்ளையை எடுத்துப் போகுமுன் மாமியார் எல்லார் முன்னாலும் சொன்னார்: "தூண்டிலத் தாண்டிட்டு வந்தவ மடியில என்ன தங்கும்?"

நான் உங்களைப் பார்த்தேன். கூட்டத்தில் உங்களை மட்டும்தான் பார்த்தேன். "அவ தாண்டல, நான் சொன்னது பொய்." அவ்வளவுதான் வேண்டியிருந்தது. மூச்சு விடுகிற நேரத்தில் சொல்லி முடித்திருக்கலாம். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். பிறகு பக்கத்திலிருந்தவரிடம் பீடிக்கு நெருப்புக் கேட்டீர்கள்.

செத்தவர்களைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நீங்கள் உயிரோடிருந்த வருஷங்களெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன், அத்தான். ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்தீர்கள், தின்றீர்கள், போனீர்கள். கடைசியில் அக்காவுக்காக உங்கள் சாவுக்கும் வந்தேன், அழவில்லை. அக்கா என் கையைப் பிடித்து, மறந்துரு என்றாள். மறந்தால் அதைப் பார்த்த சாட்சி யார் இருக்கிறார்கள்?

எனக்குப் பின்னால் ஆறு பெண்கள் இந்த வீட்டில் பிறந்தார்கள், மகள்களும் பேத்திகளுமாக. உலக்கை கிடந்தால் தாண்டாதே, விளக்குமாறு கிடந்தால் தாண்டாதே, ஆண்பிள்ளை கால் நீட்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போ என்று அவர்களுக்கு நான் சொன்னதில்லை. யாரும் சொல்ல விட்டதுமில்லை. வழியில் கிடப்பதைத் தாண்டித்தான் போகிறார்கள். கிடக்கிறவர்கள் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.